போகே: ஹோனலுலுவின் தெருமுனைக் கடையில் ஒரு கிண்ணம்

வைகிகி கடற்கரையின் உயரமான ஹோட்டல்கள் முடிகிற இடத்தில், மிருகக்காட்சி சாலையை ஒட்டிக் கிளம்புகிறது கபஹுலு அவென்யூ. கடலுக்கு முதுகைக் காட்டி அந்தச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் சுற்றுலாப் பயணிகளின் ஹோனலுலு மறைந்துவிடும். அங்கேயே பிறந்து, வேலைக்குப் போய், பிள்ளை வளர்க்கிறவர்களின் ஹோனலுலு தொடங்கும். 1961 முதல் சோறும் கிரேவியும் பரிமாறும் ரெயின்போ டிரைவ்-இன் இந்தப் பக்கம்தான். 1952 முதல் மலசாடா என்கிற போர்த்துக்கீசிய இனிப்புப் பணியாரத்தைப் பொரித்துக்கொண்டிருக்கும் லெனார்ட்ஸ் பேக்கரியும் இங்கேதான். இவற்றுக்கு நடுவே, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கிறது ஓனோ சீஃபுட்.

உள்ளே ஒரு கவுன்டர், வெளியே சில மேஜைகள். அவ்வளவுதான் கடை. அவித்த வேர்க்கடலைகூட விற்கிறார்கள். ஆனால் ஜனங்கள் வரிசையில் நிற்பது போகேவுக்காக. பச்சை மீனைத் துண்டு போட்டு, உப்பும் பாசியும் எண்ணெயும் சேர்த்துப் பிசறிய ஹவாய்த் தீவுகளின் உணவு அது.

பச்சை மீனா என்று முகம் சுளிக்கிறவர்களுக்காக, கவுன்டருக்குப் பின்னால் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மீன் தயாராகக் கலந்து தட்டில் காத்திருப்பதில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் கலக்கிறார்கள். அஹி எனப்படும் பெரிய சூரை, கட்டை விரல் நுனி அளவுக்குச் சதுரச் சதுரமாக வெட்டப்பட்டுக் குளிரில் இருக்கிறது. மாதுளை முத்தின் சிவப்பு. ஹவாய் முறையில் வேண்டும் என்றால் கல்லுப்பு, நறுக்கிய கடற்பாசி, வறுத்துப் பொடித்த குகுய் பருப்பு, வெங்காயம், வறுத்த எள்ளின் எண்ணெய் கொஞ்சம். நான்கைந்து தடவை புரட்டுகிறார்கள், அழுத்திப் பிசைவதில்லை. பிசைந்தால் துண்டின் ஓரம் கசங்கி, நீர் விட்டுவிடும். சூடான வெள்ளைச் சோற்றின் மேல் அந்தக் குளிர்ந்த மீனைக் கவிழ்த்துக் கையில் தருகிறார்கள்.

சாப்பிடும்போது முதலில் தெரிவது அந்தச் சூடும் குளிரும்தான். அடுத்து பாசி பல்லில் நறுக்கென்று உடைகிறது. பருப்பின் எண்ணெய்ப் பசை நாக்கில் மெல்லப் பரவுகிறது. மீன் வாடை என்று நாம் பயப்படுகிற எதுவும் இல்லை. வாடை வந்தால் அந்த மீன் அங்கே விற்பனைக்கே வந்திருக்காது. இந்த உணவில் மறைத்துக்கொள்ள இடமில்லை. புளியும் மிளகாயும் கொதியும் காப்பாற்றும் என்று ஒரு குழம்பில் நம்பலாம், போகேயில் முடியாது. மீன் நன்றாக இருந்தாக வேண்டும். அது நன்றாக இருக்கிறதா என்று காலையில் ஒருவர் பார்த்துத் தீர்மானித்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்துச் சின்னக் கடைகளை நான் இவ்வளவு உயர்வாக நினைப்பதற்கு அந்தத் தீர்மானம்தான் காரணம்.

பியர் 38

ஹோனலுலு துறைமுகத்தின் 38-ஆம் பியரில் நடக்கிறது அந்தத் தீர்மானம். 1952-ல் தொடங்கிய யுனைடெட் ஃபிஷிங் ஏஜென்சியின் மீன் ஏலம், 2004 முதல் இந்த இடத்தில் நடக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் படகுகளிலிருந்து மீன் இறங்க ஆரம்பிக்கும். குளிரூட்டிய பெரிய கூடத்தில், மேடைகளில் ஐஸ் போட்டு வரிசையாகக் கிடத்துவார்கள். ஒவ்வொன்றும் பள்ளிக்கூடப் பையன் உயரமும் அவனைவிட அதிக எடையும் உள்ள மீன்கள். வெப்பமண்டலத் தீவில் இருந்தாலும், வியாபாரிகள் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறார்கள்.

இங்கே மீன் குவியலாக ஏலம் போவதில்லை. பெரிய மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனி விற்பனை. வால் பக்கம் வெட்டிச் சதையின் நிறத்தைத் திறந்து காட்டியிருப்பார்கள். உடம்பிலிருந்து கோலாகக் குத்தி எடுத்த சதைத் துணுக்கும் பக்கத்தில் இருக்கும். வாங்க வந்தவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார், துணுக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்க்கிறார். கொழுப்பு எவ்வளவு, சதை இறுக்கமா தளர்வா, நிறம் தெளிவா மங்கலா என்று அந்தச் சில நொடிகளில் கணக்குப் போட்டாக வேண்டும். ஏலம் சொல்கிறவரைச் சுற்றி ஒரு கூட்டம் மீனுக்கு மீன் நகர்ந்துகொண்டே போகிறது. விலை முடிந்ததும் வாங்கியவர் பெயர்ச் சீட்டு மீன் மேல் விழுகிறது.

இவ்வளவு பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம் படகின் பயணம். சூரை பிடிக்கும் லாங்லைன் படகு ஒரு நடைக்கு இரண்டு மூன்று வாரம்கூடக் கடலில் இருக்கும். மைல் கணக்கில் நீளும் ஒரே கயிற்றில் 2,000-க்கும் மேற்பட்ட தூண்டில்களைத் தொங்கவிடுகிறார்கள். பிடித்ததை உறைய வைப்பதில்லை, சுத்தம் செய்து ஐஸில் புதைத்துக் கொண்டுவருகிறார்கள். ஆக, ஒரே படகில் இறங்கும் இரண்டு மீன்களில் ஒன்று முந்தாநாள் பிடித்ததாக இருக்கும், இன்னொன்று இரண்டு வாரத்துக்கு முன் பிடித்ததாக இருக்கும். இரண்டுமே ‘ஃபிரெஷ்’ என்றுதான் விற்பனைக்கு வரும். பெயர்ப் பலகையை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. விரலுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் தன் கடைக்கான மீனைத் தானே தேர்ந்தெடுப்பவரிடம், அல்லது பல வருடமாகத் தனக்கு மீன் எடுத்துத் தரும் ஒரே ஆளை நம்பியிருப்பவரிடம், போகே வாங்கச் சொல்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். சமையல் நுணுக்கம் அதற்குப் பிறகுதான்.

இங்கே நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சூரை இன மீன்கள் பிடிபட்ட நேரத்திலிருந்து குளிரில் இல்லாவிட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அது உடம்பு தடித்துச் சிவந்து, தலைவலியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். சமைத்தாலும் அது போகாது. காசிமேட்டில் வெயிலில் கிடந்த சூரையை வாங்கிவந்து வீட்டில் போகே செய்து பார்க்க வேண்டாம். ஹோனலுலுவில் பச்சையாகச் சாப்பிட முடிவது தூண்டிலிலிருந்து கவுன்டர் வரை ஐஸ் விட்டுப்போகாததால்.

உப்பு, பாசி, பருப்பு

சோயா சாஸும் எள்ளெண்ணெயும் வந்து சேர்வதற்கு முன்னால், ஹவாய்ப் பழங்குடி மக்கள் கரையோரப் பாறைகளில் கிடைக்கும் மீனைத் துண்டு போட்டு மூன்றே பொருள்களோடு சாப்பிட்டார்கள். கடல் உப்பு, லிமு என்கிற கடற்பாசி, இனமோனா. கடைசியாகச் சொன்னது குகுய் மரத்தின் பருப்பை வறுத்து உப்போடு இடித்தது. பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும், வறுத்தால்தான் உணவு. மலேசியா, சிங்கப்பூர் தமிழர் வீடுகளில் குழம்பு கெட்டிப்பட அரைத்து விடும் ‘புவா கெராஸ்’ இதே மரத்தின் பருப்புதான். ஹவாய் அமெரிக்காவின் மாநிலமான அதே 1959-ல் குகுய் அதன் அதிகாரபூர்வ மரமாயிற்று.

உப்பின் கதை இன்னும் அழகு. கவாய் தீவின் ஹனபேபேயில், களிமண் பூசிய பாத்திகளில் இன்றும் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவிக்கின்றன. அந்த உப்பை அவர்கள் விற்பதில்லை. கொடுப்பார்கள், பண்டமாற்றுச் செய்வார்கள். கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் சிவப்பு ‘அலாயா’ உப்பு வேறு, அது வணிகச் சரக்கு. ஒரு ஹவாய் வீட்டுப் போகேயில் ஹனபேபே உப்பு இருந்தால், யாரோ ஒருவர் அந்தக் குடும்பத்துக்கு அன்பாகக் கொடுத்தது என்று அர்த்தம்.

ஆனால் இன்றைக்கு ஒரு போகே கடை அதிகம் கவலைப்பட வேண்டியது பாசியைப் பற்றி. லிமு கோஹு என்கிற செம்பாசிக்குத்தான் மவுசு. காரமான, அயோடின் நெடி உள்ள பாசி அது. பறித்ததை நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்துக் கசப்பை இறக்கி, உப்புச் சேர்த்து உருட்டி வைப்பார்கள். ஒரு கிண்ணத்துக்கு ஒரு சிட்டிகை போதும். பறிப்பதிலும் முறை உண்டு. பாறையைப் பற்றியிருக்கும் அடியை விட்டுவிட்டு மேலே மட்டும்தான் கிள்ள வேண்டும். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வழக்கம் இன்று மாநிலச் சட்டமாகவும் இருக்கிறது. அடியோடு பிடுங்கினால் குற்றம்.

ஓவாஹு தீவின் ஏவா கடற்கரை ஒரு காலத்தில் பாசிக்குப் பேர்போனது. அலை கொண்டுவந்து கரையில் குவித்ததை வீட்டுக்கு வீடு அள்ளிப்போவார்கள். இன்று அந்தக் குவியல் இல்லை. நிலத்தடி நன்னீர் கரையோரத்தில் கடலுக்குள் கசிகிற இடங்களில்தான் பல வகை லிமு செழிக்கும். தீவின் நிலமும் நீரும் பயன்படும் விதம் மாறியதில் அந்தக் கசிவும் மாறிவிட்டது. வெளியிலிருந்து வந்த பாசிகள் வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் ஒன்றை நமக்கும் தெரியும். 1970-களில் வளர்ப்புச் சோதனைக்காகக் கனேஓஹே விரிகுடாவில் கொண்டுவந்து விட்ட கப்பாஃபைகஸ் பாசி, பவளப்பாறைகள் மேல் போர்வையாகப் படர்ந்தது. கடலடியிலிருந்து பாசியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரப் படகை வைத்து அதை அகற்ற வேண்டிவந்தது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் படர்ந்ததும் இதே பாசி. மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் ஏவா கிராமத்துப் பெரியவர்களைச் சந்தித்தால் இருவருக்கும் பேச நிறைய இருக்கும். போகேயில் இன்று அதிகம் விழும் ‘ஓகோ’ நம் கஞ்சிப்பாசியின் நெருங்கிய உறவு.

2022-ஆம் ஆண்டை ஹவாய் மாநிலம் லிமு ஆண்டாக அறிவித்தது. பாசி தெரிந்த பெரியவர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலில் நாற்று கட்டுகிறார்கள். இதையெல்லாம் சமையல் குறிப்புக்கு வெளியே உள்ள சங்கதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பாசி இல்லாத போகே வெறும் மீன் துண்டுகள்.

தோட்டத்துச் சோறு

சோறு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1850-களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசியர், கொரியர், பிலிப்பினோக்கள் என்று அலை அலையாகக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். அவரவர் ஜாடியோடும் மூட்டையோடும் வந்தார்கள். ஜப்பானியரின் சோயா சாஸ், எள்ளெண்ணெய், கொரியர்களின் மிளகாய், சீனரின் அரிசி எல்லாம் தோட்டக் குடியிருப்புகளில் பக்கத்துப் பக்கத்து அடுப்புகளில் கலந்தன. 1946-ல் ஹோனலுலுவில் தொடங்கிய அலோஹா ஷோயு கம்பெனி, உள்ளூர் நாக்குக்கு ஏற்ப இனிப்பும் மென்மையும் கூடிய சோயா சாஸ் காய்ச்சியது. இன்று ஷோயு போகே இல்லாத கடை கிடையாது.

மீனும் மாறியது. கரை மீனும், அகு என்கிற சின்னச் சூரையும் போய் அஹி முன்னுக்கு வந்தது. (நம்மவர்கள் மாசிக் கருவாடு போடுவது இந்த அகுவை வைத்துத்தான்.) 1991-ல் ‘ஹவாய் வட்டாரச் சமையல்’ இயக்கத்தைத் தொடங்கிய 12 சமையல் கலைஞர்களில் ஒருவரான சாம் சோய் 90-களில் நடத்திய போகே போட்டிகள், வீட்டுத் திண்ணைப் பலகாரமாக இருந்ததை மேடையேற்றின. அதற்கு முன்பே மீன் கடைகள் பவுண்டு கணக்கில் விற்கத் தொடங்கியிருந்தன. இப்போது ஃபுட்லேண்ட் சூப்பர் மார்க்கெட்டில்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வகை வரிசையாக இருக்கும். அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் அரைப் பவுண்டு கட்டிக்கொண்டு போவார். கல்யாணம், கருமாதி, பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் எதுவானாலும் ஒரு தட்டுப் போகே இல்லாமல் விருந்து நிறையாது.

மயோனைஸும் மிளகாய் சாஸும் கலந்த ‘ஸ்பைசி அஹி’யைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. சாஸ் பேச ஆரம்பித்தால் மீன் வாயை மூடிக்கொள்கிறது.

சிகாகோவிலிருந்து வந்த கடிதம்

2010-களின் நடுவில் போகே அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போனது. லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சிகாகோ, அங்கிருந்து லண்டன் என்று கடைகள் முளைத்தன. அங்கே முறை வேறு. வரிசையில் நகர்ந்துகொண்டே சோறா கீரையா, எந்த மீன், எந்த சாஸ், மாம்பழமா சோளமா வெள்ளரியா என்று நீங்களே சொல்லிச் சொல்லிக் கிண்ணத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். எதை எதோடு சேர்ப்பது என்று தெரிந்த கை அங்கே வேலை செய்வதில்லை. வாடிக்கையாளருக்குச் சுதந்திரம் கொடுத்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் கடைக்காரர் தன் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார். பத்துப் பொருளுக்கு அடியில் கிடக்கும் மீன் எப்படி இருந்தால் என்ன என்கிற நிலையும் அதனால்தான் வருகிறது. உறைய வைத்து, நிறம் கறுக்காமல் இருக்கக் கார்பன் மோனாக்சைடு ஏற்றிய சூரை அந்த வியாபாரத்துக்குத் தோதானது. எத்தனை நாளானாலும் அது தர்பூசணிச் சிவப்பில் இருக்கும். ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் இதை அனுமதிப்பதில்லை, அமெரிக்கா அனுமதிக்கிறது. ஹவாயிலும் இது விற்பனையாகிறது, மலிவு என்பதால். நல்ல கடைகள் ‘முன்பு உறைய வைத்தது’ என்று எழுதி வைத்துக் குறைந்த விலைக்குத் தருகின்றன. எழுதி வைப்பதில் தவறில்லை.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் 2018-ல் வந்தது. சிகாகோவைச் சேர்ந்த ‘அலோஹா போகே கோ’ என்ற கம்பெனி, தன் வர்த்தக முத்திரையைக் காட்டி, கடைப் பெயரில் ‘அலோஹா’வும் ‘போகே’வும் சேர்ந்து வருவதை நிறுத்தும்படி மற்றக் கடைகளுக்கு வக்கீல் கடிதம் அனுப்பியிருந்தது தெரியவந்தது. அப்படிக் கடிதம் வாங்கியவர்களில் ஹவாய்ப் பழங்குடியினர் நடத்தும் சின்னக் கடைகளும் இருந்தன. தங்கள் மூதாதையர் மொழியைத் தங்கள் கடைப் பலகையில் எழுதக்கூடாது என்று வெளியூர்க் கம்பெனி சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? சிகாகோவிலேயே அந்தக் கம்பெனிக்கு எதிரே ஊர்வலம் நடந்தது. ஹவாயின் ராணி லிலியுஓகலானியின் ஆட்சி 1893-ல் கவிழ்க்கப்பட்டதையும், 1898-ல் தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டதையும் மறக்காத மக்கள் ஹவாய்ப் பழங்குடியினர். பள்ளிகளில் அவர்கள் மொழிக் கல்வி பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. அந்தக் கோபத்தின் அளவு ஒரு கிண்ணத்துக்கானது அல்ல.

படகில் இருப்பவர்கள்

இத்தனை பாராட்டுக்கு நடுவே சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. 2016-ல் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, ஹவாய் லாங்லைன் படகுகளில் இருப்பவர்கள் யார் என்று உலகத்துக்குக் காட்டியது. சுமார் 140 படகுகளில் 700 பேர் போல வெளிநாட்டவர். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், கிரிபாட்டி தீவுக்காரர்கள். அமெரிக்கக் கொடி பறக்கும் படகில் வேலை பார்த்தாலும், விசா இல்லாததால் துறைமுகத்தில் இறங்கி ஊருக்குள் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. வருடக் கணக்கில் படகே வீடு. சிலருக்குக் கூலி மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவு. இது சட்டத்தை மீறி நடந்ததல்ல, சட்டத்தில் விட்டுவைத்த ஓட்டை வழியாகவே நடந்தது. செய்தி வந்த பிறகு படகு உரிமையாளர் சங்கம் பொது ஒப்பந்தப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. கரையில் இறங்க முடியாத நிலை அதனால் தீர்ந்துவிடவில்லை.

பியர் 38-ல் ஏலக் கூடத்துக்கு வெளியே, ஒரு பவுண்டு மீனுக்கு இத்தனை டாலர் என்று கணக்குப் பார்க்கும் தூரத்தில்தான் அந்தப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வளைகுடா நாடுகளின் படகுகளுக்குப் போய் மாட்டிக்கொண்ட கன்னியாகுமரி மீனவர்களின் செய்திகளை வாசிக்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல. நல்ல மீனை எடுத்து வருகிற கடைக்காரர் ஏலக் கூடத்தில் படகின் பெயரைப் பார்க்கிறார். எந்தப் படகு மீனை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்பது அவருக்குத் தெரியும். எந்தப் படகு ஆட்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்று கேட்கவும் அவரால் முடியும். பெரிய கம்பெனியைவிட அவர் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தினமும் அதே முகங்களோடுதான் அவருக்கு வியாபாரம். போகேயை நேசிக்கிற வாடிக்கையாளர்கள் அந்தக் கேள்வியைக் கவுன்டரில் எழுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. வாடகை, அரிசி, மீன் எல்லாமே தீவில் விலை கூடுதல். புத்தாண்டு நெருங்கினால் இன்னும் மோசம். சிவந்த சூரையை வீட்டில் வைத்தால் வருடம் நல்லபடியாகப் போகும் என்பது ஜப்பானிய வழிவந்த நம்பிக்கை, அது எல்லார் வீட்டுக்கும் பரவிவிட்டது. டிசம்பர் கடைசியில் அஹி விலை எகிறும், வரிசை தெருவுக்கு வரும். சின்னக் கடைக்காரர்கள் அந்த வாரம் தூங்குவதே அபூர்வம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பகலிலேயே போங்கள், நல்ல துண்டு சாயங்காலம் வரை காத்திருக்காது. முதல் தடவை சோறு இல்லாமல் அரைப் பவுண்டு ஹவாய் முறைப் போகே மட்டும் கேளுங்கள், ஷோயு அடுத்தது. சூரை பழகிவிட்டால் டாகோ என்கிற ஆக்டோபஸ் போகேயும் பாருங்கள். அது வேக வைத்தது, பச்சைக்குத் தயங்குகிறவர்கள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். வாங்கி ஹோட்டல் அறைக்கு எடுத்துப் போகாதீர்கள், வெளியே மேஜை காலியாகும் வரை நின்றாவது அங்கேயே சாப்பிடுங்கள். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது என்று கவுன்டரில் கேளுங்கள். நல்ல கடையாக இருந்தால், பலகையில் முதலில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்வார்கள். அதை வாங்குங்கள்.